தாமதத்துக்கு யார் பணம் தருவது?

கேள்வி: என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். மேலே அனுப்பிவிட்டதாக வி.ஏ.ஓ. சொல்கிறார், தனக்கு வரவே இல்லை என்கிறார் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்). கணவர் பெயரில் பேங்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பெங்களூரில் இருக்கும் என் தங்கையோ, அங்கே தாமதமானால் நாள் கணக்கில் பணம் தருவார்கள் என்கிறாள். இதெல்லாம் உண்மையா? (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: தங்கை சொல்வது உண்மைதான் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உங்கள் விஷயத்தில் எடுபடாது.

முதலில் அதைப் பார்த்துவிடுவோம். பணம் கட்டியதால் மட்டும் நாம் நுகர்வோர் ஆகிவிடுவதில்லை. பத்திரம் பதியப் போகிறவர் நுகர்வோர் அல்ல, அவர் கட்டும் கட்டணம் சேவைக்குத் தரும் விலையும் அல்ல என்று எஸ்.பி. கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாசில்தார் தரும் சான்றிதழையும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் ஓர் அரசு அமைப்பு வீடு கட்டி விற்றால் கதை வேறு. லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-ல் வந்த தீர்ப்பு, அந்த வேலையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மக்களை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டை அரசுப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு விடக்கூடாது, பொறுப்பான அலுவலர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஒருவர் மேசையில் ஃபைல் தூங்கியதற்கு நம் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

அரசு அலுவலகம் ஒரு வேலையைக் கெடுவுக்குள் முடித்துத் தர வேண்டும் என்று சொல்லும் சேவை பெறும் உரிமைச் சட்டங்களின் உயிரும் இதுதான். 2010-ல் மத்தியப் பிரதேசம் முதலில் கொண்டுவந்தது. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். கர்நாடகத்தில் 2011-ல் சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு 'சகாலா' என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே விண்ணப்பித்தவருக்கே நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் கிடைக்கும். தொகை சின்னதுதான். ஆனால் அது தாமதித்தவரின் சம்பளத்தில் பிடிபடும்போது வேலை நகரும். நாடு முழுமைக்குமாக 2011-ல் ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. 2014-ல் அவை கலைந்ததோடு அதுவும் காலாவதியானது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகக் கேட்டும் இப்படி ஒரு சட்டம் வரவில்லை.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். அதற்கு வழவழவென்று ஒரு பதில் வரும். உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு, அது எந்தத் தேதியில் யாரிடம் வந்தது, எத்தனை நாள் இருந்தது, இப்போது எந்தப் பதவியில் இருப்பவரிடம் இருக்கிறது, முடிக்க வேண்டிய கெடு எவ்வளவு, ஃபைலில் எழுதிய குறிப்புகளின் நகல் என்று கேளுங்கள். வி.ஏ.ஓ.வா, ஆர்.ஐ.யா என்பது அப்போது எழுத்தில் தெரிந்துவிடும். பல நேரம் இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே ஃபைல் நகர ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

30 நாளில் பதில் வராவிட்டால், அதன் பிறகு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தகவல் ஆணையம் வரை போனால், பதில் தராத தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அந்தப் பணம் உங்களுக்கு வராது. ஆனால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு தரச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளில் ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: பெங்களூரில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு எதுவும் தராமல் "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். சகாலாவில் புகார் செய்யலாமா? (ஒரு வாசகர், பெங்களூர்)

பதில்: சீட்டு இல்லையென்றால் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் கணக்கு. சகாலா எண் கையில் கிடைத்த பிறகுதான் நாள் ஓட ஆரம்பிக்கும். திரும்பப் போய் அந்த எண்ணைக் கேளுங்கள், முடிந்தால் இணையம் வழியாகவே விண்ணப்பியுங்கள். கெடு தாண்டினாலோ, விண்ணப்பத்தை நிராகரித்தாலோ, அன்றிலிருந்து 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கடைசி நாளில் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிவிடுவது பழைய வித்தை. அதற்கும் மேல்முறையீடு உண்டு.

கேள்வி: கடைக்கு மின் இணைப்பு கேட்டுப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. மீட்டர் இல்லை என்கிறார்கள். நாங்கள் இருப்பது மாநகராட்சிப் பகுதி. (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நீங்கள் சந்தேகமே இல்லாமல் நுகர்வோர். மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020-ல் வந்தன. 2024 திருத்தத்துக்குப் பின் புதிய இணைப்புக்கான கெடு பெருநகரங்களில் 3 நாள், மற்ற மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமங்களில் 15 நாள். புதிதாகக் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டியிருந்தால் கூடுதல் நாள் உண்டு. மீட்டர் இல்லை என்பது உங்கள் தவறு இல்லையே. விண்ணப்பத் தேதி, பணம் கட்டிய ரசீது இரண்டின் நகலையும் இணைத்து, தாமதத்துக்கான இழப்பீட்டையும் சேர்த்துக் கேட்டு, மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு எழுதுங்கள். அங்கே சரியாகாவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.