உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தையுங்கள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கதைகளை ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன். இது கதையைப் பற்றிய கடிதம் இல்லை. வேளச்சேரியில் இருக்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொண்டேன். மெஷின் வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் வெளியாள் ஒருவருக்குக்கூட ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுக்கவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி கொடுத்த துணியை நாலு தடவை பிரித்துத் தைத்தேன். கழுத்து இடப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருப்பதாகவே பட்டது. கடைசியில் ஊசி ஓட்டை விழுந்து துணியே வீணாகி, அதே கலரில் தி.நகர் முழுக்கத் தேடி வாங்கி, தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். அரைகுறையாக ஒன்றைக் கொடுக்க மனசு வரவில்லை. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். அப்புறம் அந்தத் துணியை நினைத்துப் பாவமாக இருந்தது. நாலு தடவை பிரித்தால் பட்டுகூடத் தாங்காது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் ஒரு கடிதம் எழுதினார். கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை, வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் அனுப்பிய கடிதத்தைத்தான் சொல்கிறேன். தாள் தாளாகச் சூத்திரங்கள், அநேகமாக எதற்கும் நிரூபணம் கிடையாது. அவர் மேதை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதத்தில் தப்புகளும் இருந்தன என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. பகா எண்களைப் பற்றிச் சொன்னதில் கோளாறு. இன்னொரு சூத்திரம், கிட்டத்தட்ட சரியான விடை தரும், ஆனால் அவர் சொன்னபடி துல்லியமாக வராது. அந்தத் தப்பான சூத்திரத்தைப் பற்றித்தான் ஹார்டி பிற்பாடு எழுதினார், ராமானுஜன் சொன்னவற்றிலேயே மிகவும் பலன் தந்தவற்றில் அதுவும் ஒன்று என்று. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் இருவரும் சேர்ந்து எண்களின் பிரிவினைக் கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள். 4 என்ற எண்ணைக் கூட்டலாகப் பிரிக்க 5 வழி இருக்கிறது: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-க்கு எத்தனை வழி தெரியுமா? கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. இதற்கான வழிமுறை 1918-இல் வெளிவந்தது. 1920-இல், 32 வயதில், ராமானுஜன் போய்விட்டார். எல்லாவற்றையும் நிரூபித்து, சுத்தமாகப் பிரதி எடுத்து, அதற்கப்புறம் தபாலில் சேர்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால்?

அவர் எங்கே நான் எங்கே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சரி, என் கதைக்கு வருகிறேன். என் முதல் தொகுப்பில் ஒரு பெண் 29சி பஸ்ஸில் ஏறி நேராகத் தாம்பரத்தில் போய் இறங்குவாள். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் ஓடுகிற வண்டி அது. புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்த அன்றே கண்ணில் பட்டு, ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்புறம் கடிதங்கள் வந்தன, பாதி கிண்டல். ஒன்று மட்டும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் எழுதியது. எந்த ஸ்டாப்பில் பூக்கூடை ஏறும், எந்த நேரத்துக்கு வண்டி காலியாக ஓடும் என்று எட்டுப் பக்கம். என் இரண்டாவது புத்தகத்தில் பாதி அவர் தந்தது. ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த மனிதர் எனக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் சொன்னதால் சுமாராகத் தைத்தால் போதும் என்று அர்த்தமில்லை. 'எல்லாம் போதும் போ' என்று தைக்கிறவர்களிடம் நான் பட்டிருக்கிறேன், கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும், கல்யாண வீட்டில் நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அக்குள் சுற்றளவும் கையும் சரியாக இருக்கட்டும், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மெனக்கெடுங்கள். உள் தையல் கொஞ்சம் கோணினால் யாருக்குத் தெரியப் போகிறது?

இன்னொன்று கேட்கிறேன். கழுத்து ஒரு நூல் இறங்கியதை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? மேஜையில் விரித்துத்தானே? ஆன்ட்டிக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா? யாருக்கும் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. எனக்கு வலது தோள் நன்றாகவே தாழ்ந்திருக்கும், நாற்பது வருடமாகப் பை மாட்டிய தோள். உங்கள் தொழிலில் பழகியவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டி வைக்கிறார்கள், உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். தைக்கும்போதே, இது பிற்பாடு சரியாக இருக்காது என்று தெரிந்து தைக்கிறார்கள்.

வீட்டில் ஒரு பச்சைப் பருத்தித் துணி சும்மா கிடக்கிறது. அளவு பிளவுஸோடு அனுப்பி வைக்கிறேன், விலாசம் எழுதுங்கள். பத்து நாளில் வேண்டும். கூலி எவ்வளவு என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், சும்மா தைத்துத் தருகிறேன் என்றால் துணி வராது. ஒரு தடவைக்கு மேல் பிரிக்கக் கூடாது. அக்குளில் பிடித்தால் நானே வேளச்சேரிக்கு வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா