82,000 மைல் ஓடிய ராப்டர்: கியர் ஆயிலைத் தொடலாமா, கூடாதா?

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு 2018 மாடல் ஃபோர்டு எஃப்-150 ராப்டர் வாங்கினேன். அமெரிக்கன் ஸ்பெக், அதாவது அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தது. மீட்டரில் இப்போது 82,000 மைல். காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி தயங்கி 'டக்' என்று விழுகிறது. மூன்றாவது கியரிலிருந்து ஐந்துக்குத் தாவும்போது சில நேரம் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி உதைக்கிறது. குளிர்காலத்தில் லிவா பாலைவனத்துக்குப் போக ஆசை. அதற்குள் எஞ்சின் கணினியில் ட்யூன் போட்டு பவர் ஏற்றலாம் என்றிருந்தேன். சனையாவில் (தொழிற்பேட்டையில்) ஒருவர், "இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு கியர் ஆயிலைத் தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும். ஹாஃப் கட்டிலிருந்து இறக்கிய நல்ல கியர்பாக்ஸ் கைவசம் இருக்கிறது, மாற்றிவிடுங்கள்" என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆயிலை மாற்றுங்கள் தம்பி. தாமதிக்காமல் மாற்றுங்கள். கியர்பாக்ஸை மாற்றாதீர்கள், குறைந்தபட்சம் அந்த மனிதரிடமிருந்து வாங்கி மாற்றாதீர்கள். ட்யூனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது 10ஆர்80 என்கிற பத்து கியர் ஆட்டோமேட்டிக். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. உள்ளே ஆறு கிளட்ச் தொகுதிகள் உண்டு. எந்த கியர் வேண்டுமோ அதற்குரிய கிளட்சுகளை ஆயில் அழுத்தம்தான் பிடித்து வைக்கிறது. அதே ஆயில்தான் பல் சக்கரங்களுக்கு வழுவழுப்பு கொடுக்கிறது. சூட்டைச் சுமந்து கூலருக்குக் கொண்டுபோவதும் அதுதான். மூன்று வேலையையும் ஒரே ஆயில் செய்வதால், அது கெட்டால் மூன்றும் கெடும். உங்களுக்கு இதற்கு மேல் உள்விவரம் தேவையில்லை.

'ஆயிலைத் தொட்டால் போய்விடும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்த ஒரு துளியை வைத்துத்தான் ஊரையே பயமுறுத்துகிறார்கள்.

கிளட்ச் பிளேட் என்பது இரும்புத் தகட்டின்மேல் காகிதம் போன்ற ஒரு பொருளை ஒட்டியது. அது தேய்ந்து தீரும் கட்டத்தில், தேய்ந்த தூள் ஆயிலில் கலந்து மிதக்கும். மேற்பரப்பு மொழுக்கென்று ஆகிவிட்ட பிளேட்டுக்கு அந்தத் தூள்தான் கடைசிப் பிடிமானம். அந்த நிலையில் பழைய ஆயிலை இறக்கிப் புதியது ஊற்றினால் தூள் போய்விடும், பிடிமானமும் போய்விடும், இரண்டு நாளில் வண்டி இழுக்காது. வண்டிக்காரர், "நேற்று வரை ஓடியது, ஆயில் மாற்றினார்கள், போய்விட்டது" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவதற்கு முன்பே முடிந்துபோனது. மாற்றாமல் விட்டிருந்தால் இன்னும் சில வாரம் ஓடியிருக்கும். அதற்குள் உலோகத் தூள் கூலர் வரை போய் அடைத்து, செலவைக் கூட்டியிருக்கும்.

நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்பதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. எமிரேட்ஸ் ரோட்டில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்துங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் சுற்று மட்டும் விர்ரென்று ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்திலும் ஒருமுறை செய்து பாருங்கள். அடுத்து ஆயில். கருத்துப்போய், தீய்ந்த வாசனை வந்தால் நல்லதில்லை. மூன்றாவது, கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டு, அதாவது பான். அந்தப் பானைக் கழற்றும்போது அதன் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடுகிற உலோகச் சில்லுகள் இருந்தால் கியர் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். இந்த மூன்றும் உங்கள் வண்டியில் சேர்ந்து இருந்தால் மட்டும் ஆயிலில் காசு போடாதீர்கள். நீங்கள் எழுதியதில் தயக்கம் இருக்கிறது, உதைப்பு இருக்கிறது, வழுக்கல் இல்லை. அதனால்தான் மாற்றச் சொல்கிறேன்.

மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவுவதே கோளாறு என்று நினைக்க வேண்டாம். மெதுவாக ஓட்டும்போது இந்தப் பெட்டி கியர்களைத் தாண்டிப் போகும்; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உதைப்பதுதான் கோளாறு. அளவு குறைந்த அல்லது களைத்துப்போன ஆயிலால் அது வரலாம். சி.டி.எஃப் டிரம் என்று, சில கிளட்சுகளைத் தாங்கும் ஒரு உருளைப் பாகம் இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் புஷ் என்கிற வளையம் இடம் நகர்ந்து, ஆயில் அழுத்தம் வழியில் கசிவதாலும் வரலாம். 10ஆர்80-இன் பிறவிக் குறை அது. 2022இல் ஃபோர்டு அந்த டிரம்மைத் திருத்தி வெளியிட்டது. அதற்கு முன்பே, 2019இல், இல்லினாய்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வண்டிக்காரர்கள் இந்தப் பெட்டியின் உதைப்பு, தயக்கம் பற்றி வழக்குப் போட்டார்கள். எண்பதாயிரம் டாலர் வரை கொடுத்து வாங்கியவர்களிடம், "இது இந்த வண்டியின் இயல்பு" என்று சொல்லி அனுப்பிய டீலர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. உங்களுக்கு வாரண்டியும் இல்லை. அமெரிக்காவில் தருவது ஐந்து வருடம் அல்லது 60,000 மைல், இரண்டையும் தாண்டிவிட்டீர்கள்.

டிரம்தான் காரணம் என்றாலும் முதல் படி ஆயில்தான். ஆயிலை மாற்றி, அளவைச் சரியாக வைத்து, கணினி கற்றுவைத்திருக்கும் பழைய கியர் மாற்றும் பழக்கத்தை அழித்துப் புதிதாகக் கற்க விட்ட பிறகும் உதைத்தால், அப்போது டிரம்மைச் சந்தேகப்படலாம். அப்போதும் உங்கள் பெட்டியையே திறந்து திருத்திய டிரம்மைப் போடுங்கள். முழு கியர்பாக்ஸ் வாங்கத் தேவையில்லை.

கையேட்டில் 1,50,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று இருக்கும். அது கிட்டத்தட்ட 2,40,000 கிலோமீட்டர். ஆகஸ்டு மாதம் 47 டிகிரி வெயிலில், ஷார்ஜா நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மணலில் ஏறுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதே கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. மணலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது 60,000 கிலோமீட்டர்.

ஆயில் மாற்றும் விதத்திலும் ஏமாற்று உண்டு, கவனமாக இருங்கள். உங்கள் பெட்டிக்கு மெர்கான் யுஎல்வி மட்டும்தான். தண்ணீர் போல மெலிதாக இருக்கும். முந்தைய ஆறு கியர் பெட்டிக்குரிய மெர்கான் எல்வி வேறு. பெயர் ஒன்று போலக் கேட்டாலும் கலக்கக் கூடாது. பெரிய பீப்பாயிலிருந்து பைப் போட்டு, "எல்லா வண்டிக்கும் இதுதான் அண்ணே" என்று ஊற்றுகிற கராஜிலிருந்து உடனே வண்டியை எடுத்துவிடுங்கள். சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிக் கொண்டு போங்கள். பானைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, இறங்கிய அளவுக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஒருமுறை இறக்கினால் ஏறத்தாழ பாதிதான் வரும். மீதி, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். அதனால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறக்கி ஊற்றுங்கள். இயந்திரம் வைத்து அழுத்தி அலசுவது வேண்டாம். அளவை, ஆயில் நன்றாகச் சூடேறி, கையேட்டில் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது, சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பார்க்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சி சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. கை சுடும் என்பதால் பையன்கள் குத்துமதிப்பாக ஊற்றி மூடிவிடுவார்கள். அதிகம் ஊற்றினால் ஆயில் நுரைக்கும். குறைவாக ஊற்றியதற்குச் சமமான கேடு அது. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இனி அந்த ஹாஃப் கட் மனிதர். இவர்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை.

ஹாஃப் கட் என்றால் பாதியாக அறுத்துக் கப்பலில் வந்த வண்டி. பெரும்பாலும் அமெரிக்க ஏலத்தில் சால்வேஜ் டைட்டிலில், அதாவது பெரும் சேதமானது என்ற பதிவோடு எடுத்தது. இடித்த வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கலாம். தண்ணீரில் மூழ்கிய வண்டியாக இருந்தால்? 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் மூழ்கியது, 2022இல் இயன் புயலில் புளோரிடா. அங்கே போவானேன், 2024 ஏப்ரல் 16 மழையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஷார்ஜாவில் எத்தனை வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன! அவையெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? கியர்பாக்ஸின் மேலே காற்று போக ஒரு சிறு துளை உண்டு. மூழ்கினால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். கிளட்ச் பிளேட்டின் காகிதம் தண்ணீரைக் குடித்து ஊறும். ஒட்டிய பசை விட்டுப்போகும். ஆயிலை மாற்றி, வெளியே டீசலில் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் புத்தம்புதிதாகத் தெரியும். இரண்டு மாதம் ஓடும். பிறகு பிளேட்டின் காகிதம் செதில் செதிலாக உரிந்து ஃபில்டரில் வந்து நிற்கும்.

அப்படி ஒன்றை நான் என் கையால் திறந்திருக்கிறேன். கொண்டுவந்தவர் ஒரு டிரைவர். முதலாளி வண்டி, சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். விற்றவன் கொடுத்தது 'ஒரு மாத செக்கிங் வாரண்டி' என்று கையால் எழுதிய துண்டுச்சீட்டு. அதில் கடைப் பெயர்கூட இல்லை. பானைக் கழற்றியபோது அடியில் சேறு. அந்த மனிதர் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து, நடுவில் கமிஷனுக்கு நிற்பவனிடம் கியர்பாக்ஸ் வாங்காதே என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

பழைய பெட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒவ்வொரு 10ஆர்80-க்கும், கிளட்சுகளுக்கு ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் அதன் வால்வ் பாடியின் குணத்தைச் சொல்லும் எண்கள் லேபிளில் ஒட்டியிருக்கும். வேறு பெட்டி பூட்டினால் அந்த எண்களை வண்டியின் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்கு ஃபோர்டின் மென்பொருள் வேண்டும். சந்தா கட்ட வேண்டும். சனையாவில் பாதிப் பேர் ஏற்றுவதில்லை. பெட்டி நல்லதாகவே இருந்தாலும் உதைக்கும். "ஓட ஓட சரியாகும்" என்பார்கள். சரியாகாது. ஒரு ஆயில் அளவு பார்க்கவும் ஒரு எண்ணை ஏற்றவும் இத்தனை பூட்டுப் போட்டு விற்கும் கம்பெனியை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பூட்டுதான் இந்தத் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

அவர் வற்புறுத்தினால் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அதன் சேசிஸ் எண் என்ன, உங்கள் கண்முன் பானைக் கழற்றிக் காட்டுவாரா. சேசிஸ் எண் இருந்தால் அமெரிக்க வரலாற்று அறிக்கை எடுத்து, வெள்ளத்தில் மூழ்கியதா என்று பார்த்துவிடலாம். நான் அறிந்தவரை, இந்த மூன்றைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

ட்யூனுக்கு வருகிறேன். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 450 குதிரைத்திறன், ஏறத்தாழ 690 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எஞ்சின் எவ்வளவு முறுக்குகிறது என்ற கணக்கை வைத்துத்தான் கியர்பாக்ஸ் கிளட்சைப் பிடிக்கும் அழுத்தத்தை முடிவு செய்கிறது. மட்டமான ட்யூன் எஞ்சினில் முறுக்கை ஏற்றிவிட்டு, கியர்பாக்ஸுக்குப் பழைய கணக்கையே காட்டும். பிடி போதாமல் கிளட்ச் வழுக்கும். ஏற்கெனவே உதைக்கிற பெட்டியில் இதைச் செய்வது காய்ச்சல்காரனை ஓடச் சொல்வது. மேலும் 2017இல் வந்த அமீரகப் போக்குவரத்து விதிப் பட்டியலில், அனுமதியின்றி எஞ்சினையோ சேசிஸையோ மாற்றினால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி முடக்கம் என்று இருந்தது. முல்கியாவை (வண்டிப் பதிவு அட்டையை) புதுப்பிக்கும்போது நடக்கும் பாஸிங் சோதனையிலும் மாட்டலாம்.

காசு செலவழிக்க மனம் துடித்தால் பெரிய கூலர் போடுங்கள். இந்த ஊருக்கு இந்தப் பெட்டியில் செய்யக்கூடிய உருப்படியான மேம்பாடு அதுதான். மணலில் டார்க் கன்வெர்ட்டர் பூட்டாமல் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். சூடு அங்கேதான் பிறக்கிறது.

லிவாவில் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், வண்டி புதையாவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பாதி வேலை மிச்சம். புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதித்து எழுப்பப் பார்க்காமல் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு மெதுவாக வெளியே எடுங்கள். டிஸ்ப்ளேயில் கியர்பாக்ஸ் வெப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் ஸ்பெக் என்பதால் ஃபாரன்ஹீட்டில் காட்டும்: 200ஐ ஒட்டி நின்றால் இயல்பு, 240ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்காதீர்கள். பார்க்கில் போட்டு ஓடவிடுங்கள். அணைத்தால் ஆயில் சுற்றுவது நின்று, கூலருக்கு வேலையில்லாமல் போகும். லிவாவின் தல் முரீப் மணல்மேடு ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். இந்த வருடம் அதைக் கீழிருந்து பாருங்கள், போதும்.

இந்த வாரமே பானைக் கழற்றுங்கள். ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி அதையும், காந்தத்தையும் துடைப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு டிரம்மைப் பற்றிப் பேசலாம்.