நாணயம் பதித்த தரையும் சுவரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கிறோம். பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட செப்பு நிற நாணயங்களை வரவேற்பறைத் தரையிலும் குளியலறைத் தரையிலும் டைல்ஸுக்குப் பதிலாகப் பதிக்க விரும்புகிறேன். நீடித்து உழைக்குமா?

பதில்: வரவேற்பறையில் உழைக்கும், குளியலறைத் தரைக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பீங்கான் டைல் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசைந்து கொடுக்காது. நாணயமோ உலோகம், அதுவும் பெரும்பாலும் மெல்லிய மேல்பூச்சு கொண்ட உலோகம். செப்பு நிறத்தைக் கண்டு முழுச் செம்பு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயம் 1982 வரை 95 சதவீதம் செம்பாக இருந்தது. அவ்வாண்டிலேயே அது செம்பு பூசிய துத்தநாகமாக மாறத் தொடங்கியது, அதன் பின் வந்தவற்றில் 97.5 சதவீதம் துத்தநாகமே. பிரிட்டனின் ஒரு பென்னி 1992 முதலும், யூரோவின் 1, 2, 5 சென்ட் நாணயங்கள் தொடக்கம் முதலும் செம்பு பூசிய எஃகினால் ஆனவை. உங்களிடம் உள்ளவற்றின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொள்பவற்றின் உள்ளே பெரும்பாலும் எஃகு இருக்கும்.

மேல்பூச்சில் கீறல் விழுந்து ஈரமும் சேர்ந்தால் எஃகு பழுப்பாகத் துருவேறும், துத்தநாகம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். செம்போடு ஒட்டியிருப்பதனாலேயே துத்தநாகத்தின் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். நாள்தோறும் தண்ணீர் தேங்கும் தரையில் நாணயங்களின் மேலே ஊற்றிய எபாக்சியில் (இரு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசினில்) ஒரு விரிசல் விழுந்தால் போதும், ஈரம் அடியில் பரவிவிடும். அதைவிட முக்கியமானது, நனைந்த எபாக்சி மிகவும் வழுக்கும். முதியவர்களும் குழந்தைகளும் நடக்கும் இடத்தில் அழகுக்காக அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது.

மேசைப் பரப்பு, அலமாரிக் கதவு, தூண், உலர்ந்த சுவர் ஆகியவையே நாணயத்துக்கு மிகப் பொருத்தமான இடங்கள். வரவேற்பறைத் தரையிலும்கூட அறை முழுவதும் பதிப்பதைவிட, நடுவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், பராமரிப்பும் எளிதாகும். காலணியோடு வரும் மணல் எபாக்சியைக் கீறும் என்பதால், மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுத்து, மங்கும்போது அதை மட்டும் புதுப்பிக்கலாம். நேர் வெயில் விழும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேல்பூச்சு அதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுக்காது.

கேள்வி: எத்தனை நாணயங்கள் தேவை என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நாணயத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையால் பத்து லட்சத்தை வகுத்தால், நேர்வரிசையில் அடுக்கும்போது ஒரு சதுர மீட்டருக்குத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் பொருந்துமாறு நகர்த்தி அடுக்கினால் அந்த எண்ணிக்கையை 1.155-ஆல் பெருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயத்துக்கு முதல் முறையில் 2,500, இரண்டாம் முறையில் ஏறத்தாழ 2,890 தேவைப்படும். நேர்வரிசையில் பரப்பின் 78.5 சதவீதமும், நகர்த்திய வரிசையில் 90.7 சதவீதமும் உலோகத்தால் மூடப்படும். எஞ்சிய இடைவெளியில் அடித்தளம் தெரியும் என்பதால், ஒட்டுவதற்கு முன்பே அதற்குக் கருப்பு அல்லது அடர் பழுப்பு வண்ணம் பூசிவிடுங்கள்.

நகர்த்திய வரிசையில் சிறு பிழையும் வரிசைக்கு வரிசை பெருகிக்கொண்டே போகும். சுண்ணக்கட்டியால் நேர்க்கோடு போட்டு, கண்ணில் அதிகம் படும் ஓரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஓரங்களில் நாணயத்தை வெட்டிப் பொருத்த வேண்டாம். வெட்டிய விளிம்பில்தான் அரிப்பு முதலில் தொடங்கும். மரச்சட்டமோ உலோகப் பட்டையோ வைத்து ஓரத்தை முடிப்பதே அழகு.

கேள்வி: புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் நாணயங்கள் பளிச்சென்று ஆகின்றன. எல்லாவற்றையும் அப்படித் தேய்த்துவிட்டே ஒட்டலாமா?

பதில்: புளியானாலும் எலுமிச்சையானாலும் வினிகரானாலும் வேலை செய்வது அமிலம்தான். செம்பின் மேல் படிந்த கருமையை அது கரைத்து எடுக்கும். ஆனால் அமிலமும் உப்பும் சிறிதளவு ஒட்டியிருந்தாலும் சில நாட்களில் பச்சைக் களிம்பு படரத் தொடங்கும், அது எபாக்சியின் அடியில் சிக்கிக்கொண்டால் பிறகு துடைக்க வழியே இல்லை. துத்தநாகம் உள்ளே இருக்கும் நாணயத்தில் கீறல் இருந்தால், அமிலம் அதன் வழியாக உள் உலோகத்தையே கரைக்கும்.

ஆகவே மிதமான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் நீக்கி, நல்ல நீரில் அலசி, முற்றிலும் உலர்த்தினால் போதும். பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது, கருமை இருந்தால் பிடிக்கும். கரும்பழுப்பு, காவி, செம்பொன் என்று நாணயத்துக்கு நாணயம் மாறுபடும் நிறமே இந்த வேலைப்பாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே பளபளப்புக்குக் கொண்டுவந்தால் செப்புத் தகடு ஒட்டியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் போகும். பளபளப்பு வேண்டும் என்றே தீர்மானித்தால், அமிலத்தில் ஒரு சில நிமிடங்களுக்கு மேல் விடாமல், சமையல் சோடா கலந்த நீரில் அலசி, மீண்டும் நல்ல நீரில் கழுவி, அன்றே உலர்த்தி ஒட்டிவிட வேண்டும்.

தேய்ப்பதற்கு முன் பழைய நாணயங்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். வெள்ளி நாணயமோ அரிய ஆண்டு பொறித்த நாணயமோ இருந்தால் அதைத் தொடாமல் எடுத்து வையுங்கள். தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைந்துவிடும்.

கேள்வி: இடைவெளிகளை டைல்ஸுக்குப் போடும் சிமெண்ட் கிரவுட்டால் நிரப்பலாமா, எபாக்சிதான் வேண்டுமா?

பதில்: எபாக்சியே மேல். ஈரச் சிமெண்டில் காரத்தன்மை மிகுதி. அது செம்பின் நிறத்தைக் கெடுக்கும், துத்தநாகத்தைத் தாக்கும். கிரவுட்டைத் துடைக்கும்போது நாணயத்தின் எழுத்துகளுக்கிடையில் புகுந்து நிற்கும் சிமெண்டை எடுப்பதும் பெரும்பாடு.

அடித்தளம் சமமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கான்கிரீட் தரையானால் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். நாணயங்களை ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் தூரிகையால் எபாக்சியை மெல்லியதாகப் பூசி இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாணயங்களின் அடியில் சிக்கிய காற்று பிற்பாடு குமிழியாக மேலே வரும். அந்தப் பூச்சு இறுகிய பின் ஊற்றுப் பூச்சைக் கொடுக்கலாம். இரு திரவங்களையும் தயாரிப்பாளர் குறித்த விகிதத்தில் துல்லியமாகக் கலக்க வேண்டும். விகிதம் தவறினால் பல நாட்களானாலும் பிசுபிசுப்பு போகாது. ஒரேயடியாகத் தடிமனாக ஊற்றினால் வேதிவினையின் வெப்பம் கூடி விரிசலும் மஞ்சள் நிறமும் வரும். கையுறை அணியுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பை ஒட்டிய சுவரில் மட்டும் வேண்டாம். பலவகை எபாக்சிகள் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும்.

கேள்வி: நாணயத்தை இப்படிப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா?

பதில்: நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அமெரிக்கச் சட்டம் ஏமாற்றும் நோக்கத்தோடு நாணயத்தைச் சிதைப்பதைக் குற்றமாக்குகிறது. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குவதற்கும் அழிப்பதற்கும் தடை விதிக்கிறது. புழக்கத்தில் உள்ள நாணயத்தைப் பயன்படுத்தும் முன் அந்நாட்டுச் சட்டத்தைப் படித்தறிவது அவசியம். ஐயம் இருந்தால், நாணய வடிவிலான வெறும் செப்பு வட்டத் தகடுகளையோ, வேறு நாட்டின் செல்லாக்காசுகளையோ நாடலாம். பழைய பிரெஞ்சு பிராங்க் நாணயங்களை மாற்றிக்கொள்ளும் காலம் 2005-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஜெர்மானிய மார்க்கை அந்நாட்டு மத்திய வங்கி இன்றும் யூரோவாக மாற்றித் தருகிறது. ஆகவே கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்னாளில் பிடிக்காமல் போனால் எடுத்துவிட முடியுமா?

பதில்: எபாக்சியில் பதித்ததை நாணயம் நாணயமாக மீட்க இயலாது. தரையில் என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். சுவருக்கு மாற்றுவழி உண்டு: பிளைவுட் பலகையின் மேல் முழு வேலையையும் முடித்து, அந்தப் பலகையைத் திருகாணிகளால் சுவரில் பொருத்துங்கள். வேண்டாதபோது திருகாணிகளைக் கழற்றிப் பலகையோடு எடுத்து வேறு இடத்தில் மாட்டலாம்.