கடைசி நாலு கிலோ மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

ஐம்பது வயதைத் தாண்டி ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலருக்கும் ஒரே குறைதான். முதலில் மளமளவென்று இறங்கிய எடை, கடைசி மூன்று நாலு கிலோவில் வந்து நின்றுவிடுகிறது. இந்த மாதம் வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

74 கிலோ இருந்தேன். எட்டு மாதத்தில் 66-க்கு வந்தேன். அப்புறம் மூன்று மாதமாக முள் அசையவே இல்லை. அதே சாப்பாடு, அதே நடைப்பயிற்சி. 62-க்கு வர என்ன செய்வது? (வயது 58, மதுரை)

"அதே சாப்பாடு" என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. 74 கிலோ உடம்பைச் சுமந்து நடக்கத் தேவைப்பட்ட சக்தி 66 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. இப்போது உங்கள் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது முன்பைவிட ஏறக்குறைய 150 முதல் 200 கலோரி குறைவு. எடையைக் குறைத்த அளவுச் சாப்பாடு இப்போது எடையை அப்படியே நிறுத்தி வைக்கும் சாப்பாடாகிவிட்டது.

இதற்காக இன்னும் ஒரு இட்லியைக் குறைக்க வேண்டாம். முதலில் மளிகைச் சீட்டை எடுங்கள். வீட்டில் இரண்டு பேர், மாதம் 3 லிட்டர் எண்ணெய் என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லி. அதுவே 400 கலோரிக்கு மேல். அதை ஒன்றரை லிட்டராக்கினால் நமக்கு வேண்டிய 200 கலோரி அங்கேயே கிடைத்துவிடும். தட்டில் இருக்கும் சோறு அப்படியே இருக்கலாம். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் ஸ்பூனால் எடுத்து விடுங்கள். கத்தரிக்காய் வதக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். அடுத்தது காபி. நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அது மட்டும் 120 கலோரி. பேரப்பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை "வீணாகப் போகிறதே" என்று வாயில் போடுவது எந்தக் கணக்கிலும் வராது. அதை நீங்களே நேர்மையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 62 எங்கிருந்து வந்தது? முதல் பிரசவத்துக்குப் பிறகு இருந்த எடை என்றால் அதை மறந்துவிடுங்கள். இன்ச் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. உங்கள் அளவு 84 என்றால் குறைக்க இன்னும் காரணம் இருக்கிறது. 79 என்றால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்போது, மிச்ச நாலு கிலோவுக்காக நான் உங்களைப் பட்டினி போட மாட்டேன்.

காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சாதம், ராத்திரி கஞ்சி. இதற்கு மேல் குறைக்க ஒன்றுமில்லை. எடை 63-இலேயே நிற்கிறது. கை கால் சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சுத்த சைவம். (வயது 64, கும்பகோணம்)

முதலில் மூச்சு வாங்குவது. டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். சைவம் என்பதால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை விஷயம் அதற்கு அப்புறம்.

உங்கள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இட்லி சட்னியில் புரதம் 5 கிராம். சாதம், ஒரு கரண்டி சாம்பார், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 14. இரண்டு காபியின் பாலில் 6. கஞ்சியில் 4. நாள் முழுக்க 30 கிராமைத் தாண்டவில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும், அதாவது உங்களுக்கு 63. பாதிதான் கிடைக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகே தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. இந்த நிலையில் சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் போகும். தசை போனால் உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறையும். அதனால்தான் எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை. சோர்வுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

ஆகவே நீங்கள் இன்னும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். சாம்பாரில் மேலாக இருக்கும் தண்ணியை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பருப்பு. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டலாக. தேங்காயைத் தூவினால் போதும், கொட்ட வேண்டாம். ராத்திரிக் கஞ்சியை நிறுத்திவிட்டு அடை ஒன்று, இல்லையென்றால் 50 கிராம் பன்னீர் போட்ட காய்கறியோடு ஒரு சப்பாத்தி. கிரியேட்டினின் கூடுதலாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் மட்டும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

சாப்பிட்டால் மட்டும் தசை வந்துவிடாது, அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நின்று, மறுபடி மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, அந்த இறக்கத்தில்தான் தொடை நன்றாக வேலை செய்கிறது. எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு எட்டு. முட்டி வலித்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகே இதை ஆரம்பிக்க வேண்டும்.

எடை குறைந்தது, தொப்பை மட்டும் போகவில்லை. வீடியோ பார்த்து வயிற்றுக்கான பயிற்சி செய்கிறேன். (வயது 56, சேலம்)

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. வயிற்றை மடக்கி எழுந்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம். எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் முதுகை முன்னால் வளைத்து எழும் பயிற்சியே ஆபத்து, முதுகெலும்பில் விரிசல் விடலாம். முதலில் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்ளுங்கள். நடையும் நாற்காலிப் பயிற்சியும் போதும்.

எனக்குத் தைராய்டு. அதனால்தான் குறையவில்லை என்கிறார்கள். மாத்திரை அளவைக் கூட்டலாமா? (வயது 55, கோயம்புத்தூர்)

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருக்கிறதா? இருக்கிறது என்றால் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது. தைராய்டு குறைவால் ஏறும் எடையே பெரும்பாலும் உப்பும் நீரும்தான், பொதுவாக இரண்டிலிருந்து நாலு கிலோ. மாத்திரை சரியானதும் அது இறங்கிவிடும். எடைக்காக நீங்களாக அளவைக் கூட்டினால் நெஞ்சு படபடக்கும், எலும்பும் வலுவிழக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். பலரும் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறேன். சோற்றை விட்டு வரகு, சாமைக்கு மாறிவிட்டேன், ராத்திரிச் சாப்பாடும் கிடையாது. ஆனாலும் மூன்று கிலோ கூடித்தான் இருக்கிறது. (வயது 67, திருச்சி)

ராத்திரிப் பட்டினியை இன்றே நிறுத்துங்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடும். நடுராத்திரியில் வியர்த்து, கை நடுங்கி எழுந்து எதையாவது இனிப்பாகச் சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. அந்த மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் எடையைக் கூட்டும் குணம் உண்டு. மாற்ற வழி இருக்கிறதா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரி அரிசிக்குக் கிட்டத்தட்ட சமம். வரகுப் பொங்கலில் நெய் வழிந்தால் அது அரிசிப் பொங்கலுக்குச் சளைத்ததல்ல.

அமெரிக்காவில் இருக்கும் மகள் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். 59 கிலோ, உயரம் 155 செ.மீ. 55-க்கு வந்தால் போதும். (வயது 60, சென்னை)

வேண்டாம். 2025-இல் செமாகுளுடைடும் டிர்செபடைடும் எடைக்கான ஊசியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், தேவைப்படுபவர்களுக்கு. பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 30-க்கு மேல், இல்லையென்றால் 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற சிக்கல் இருப்பவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். உங்களுடையது 24.6. ஊசியால் குறையும் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பல்லாத திசு, அதில் தசையும் அடக்கம். அறுபது வயதில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. நிறுத்தினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வருவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள், அக்கறையில் சொல்கிறாள், புரிந்துகொள்வாள்.

கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர், எலுமிச்சை தேன்: இவற்றில் எது கொழுப்பைக் கரைக்கும்? (பலர்)

எதுவும் இல்லை. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பிக் கொள்ளை வேகவைத்த தண்ணீரை மட்டும் குடிக்கிறார்கள். புரதம் பெரும்பாலும் பருப்பில் தங்கிவிடுகிறது. பருப்பைத் துவையலாகவோ சுண்டலாகவோ சாப்பிடுங்கள், வயிறும் நிறையும். சீரகத் தண்ணீர் பிடித்தால் குடியுங்கள். தேன் ஒரு மேசைக்கரண்டிக்கு 60 கலோரி.

அம்மாவுக்கு 71 வயது. ஒன்றும் செய்யாமலே நாலு மாதத்தில் 58-இலிருந்து 54-க்கு வந்துவிட்டார். "கடைசியில் நானும் ஒல்லியாகிவிட்டேன்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். (நாகர்கோவில்)

எனக்குச் சந்தோஷம் இல்லை. முயற்சி எடுக்காமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். அம்மாவுக்குப் போயிருப்பது 7 சதவீதம். கட்டுப்படாத சர்க்கரை, அதிகமாகச் சுரக்கும் தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, சாப்பிட முடியாத அளவுக்குப் பல்வலி என்று பெரிதும் சிறிதுமாக எதுவும் இருக்கலாம். இந்த வாரமே பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பழைய எடை எழுதிய சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அந்த டப்பாவும் கையில் இருக்கட்டும். பசி எப்படி, இருமல் உண்டா, மலம் கழிப்பதில் மாற்றம் உண்டா என்று முந்தின நாளே அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.