ஒரு வரிப் பதிலோடு எதிராளி நின்றுவிடுகிறார் என்றால்

டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ரோல்பிளே ஆடும்போது, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாக மாறி மாறி எழுதிக் கதை வளர்க்கும்போது, நீங்கள் மூன்று பத்தி எழுதிப் போட்டாலும் உங்களோடு ஆடுபவர் ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஒட்டியிருந்த பதிவைப் படித்தேன். நடை நன்றாகவே இருக்கிறது, சிக்கல் கடைசி வரியில்தான். 'என் வாள் அவன் தோளில் இறங்கியது, அவன் பயந்து மண்டியிட்டான்' என்று முடித்திருக்கிறீர்கள். அடி விழுந்ததா, பயந்தானா என்பதெல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியது. அதையும் நீங்களே எழுதிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? இதைத்தான் காட்மாடிங் என்று திட்டுவார்கள்.

'தோளைக் குறிவைத்து வாளை வீசினேன். வீசிய வேகத்தில் என் இடது பக்கம் காவலில்லாமல் திறந்து கிடந்தது' என்று நிறுத்திப் பாருங்கள். அவர் விலகலாம், தடுக்கலாம், அந்த இடது பக்கத்தில் குத்தவும் செய்யலாம்.

அப்புறம், மனசுக்குள் ஓடுவதையே இரண்டு பத்திக்கு எழுதுகிறீர்கள். அது அவருடைய பாத்திரத்துக்குத் தெரியாதே, எப்படிப் பதில் சொல்வார்? முகத்திலோ கையிலோ கொஞ்சம் தெரியவிடுங்கள். நீளம் அவர் எழுதுகிற அளவுக்கு இருந்தால் போதும். கதை எந்தப் பக்கம் போகலாம் என்பதை இரட்டை அடைப்புக்குறிக்குள், அதாவது பாத்திரமாக இல்லாமல் நீங்களாகப் பேசுகிற இடத்தில், தனியாகக் கேட்டுவிடுங்கள், பாத்திரத்தின் வாயில் திணிக்க வேண்டாம்.