பட்டா நிலத்தில் ரோடு: டெல்லி போக வேண்டுமா, மதுரை போதுமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கள் பட்டா நிலத்தில் எட்டு சென்ட்டைச் சேர்த்துவிட்டார்கள். நோட்டீஸும் இல்லை, இழப்பீடும் இல்லை. கேட்டால், காலமான அப்பா வாய்மொழியாகச் சம்மதித்தார் என்கிறார்கள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அடிப்படை உரிமை மீறல் என்று நேரே உச்ச நீதிமன்றம் போகலாமா?

பதில்: சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே போதும். உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போக வழிவிடும் அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவு அடிப்படை உரிமைகளுக்கு மட்டும்தான். 1978-இல் வந்த 44-வது திருத்தம் சொத்துரிமையை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உயர் நீதிமன்றத்துக்கான 226-வது பிரிவு இன்னும் விரிந்தது. மற்றச் சட்ட உரிமைகளுக்கும் அதில் ரிட் மனு, அதாவது அரசுக்கு ஆணையிடச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம். உங்கள் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வருகிறது.

சொத்துரிமை செத்துவிடவில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 300-ஏ பிரிவு. ஒரே வரி. 2024-இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரிக்குள் ஏழு உரிமைகள் இருப்பதாக விளக்கியது. முன்கூட்டியே நோட்டீஸ், ஆட்சேபணையைக் கேட்பது, நியாயமான இழப்பீடு எல்லாம் அதில் அடக்கம். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நீதிபதிகள் அதைப் படித்த விதம்தான் உங்களுக்குப் பலம்.

உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது இமாச்சலின் வித்யா தேவி வழக்கு. 1967-68-இல் அவர் நிலத்தில் ரோடு போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர் 2010-இல்தான் கோர்ட்டுக்கு வந்தார். வாய்மொழிச் சம்மதம் என்றுதான் அங்கேயும் அரசு வாதாடியது, தாமதத்தையும் காட்டியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்காமல் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் அதை நம்பி நீங்களும் காலம் கடத்த வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்.

ரிட் மனுவில் பொதுவாகச் சாட்சி விசாரணை கிடையாது. அந்த எட்டு சென்ட் புறம்போக்கு என்று எதிர்மனு வந்தால், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி, சர்வேயரை வைத்து நிலத்தை அளந்துவிடுங்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் எல்லாம் கையில் இருக்கட்டும். அப்புறம் கலெக்டருக்கும் ரோடு போட்ட துறைக்கும் இழப்பீடு கேட்டுப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ அந்த மனுவையும் அட்டையையும் வைத்தே வக்கீல் ரிட் மனுவைத் தயாரிப்பார்.