ஹடில் இல்லாத ஆட்டம்: நம் டிஃபென்ஸே ஏன் களைத்துப்போகிறது?

கேள்வி: அமெரிக்காவில் டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் கீழ்மட்டப் பிரிவு) அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். இந்த சீசனில் ஹடில் போடாமல், அதாவது ஒவ்வொரு பிளேக்கும் (ஆட்ட நகர்வுக்கும்) முன் வட்டமாகக் கூடிப் பேசாமல், ஆடுகிறோம். மூன்றே பிளேயில் பன்ட் அடிக்க (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க) வேண்டியதாகிறது; கடைசிக் கால்பகுதியில் எங்கள் டிஃபென்ஸுக்கு (எதிரணியிடம் பந்து இருக்கும்போது தடுத்தாடுபவர்களுக்கு) மூச்சு முட்டுகிறது. பழைய முறைக்கே போய்விடலாமா?

பதில்: போக வேண்டாம். ஹடிலை விட்டதில் தப்பில்லை, எந்நேரமும் தலைதெறிக்க ஓடுவதுதான் தப்பு. அடுத்தடுத்து மூன்று பாஸ் நழுவினால் ஆட்டக் கடிகாரத்தில் 20 நொடிகூடக் கரையாது. தண்ணீர் குடிக்க உட்கார்ந்த டிஃபென்ஸ் அதற்குள் எழுந்து வர வேண்டும்.

பிளே முடிந்ததும் பிளே கிளாக் (அடுத்த பிளேயைத் தொடங்க மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம்) 40 நொடியிலிருந்து இறங்கும். முதல் ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறுவது) வரும்வரை சட்டென்று வரிசையில் நின்றுவிட்டு, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, 15 அளவில் ஸ்நாப் செய்யுங்கள் (பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளேயைத் தொடங்குங்கள்). ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்த கையோடு 25-க்கு முன்பே அடுத்த ஸ்நாப். முன்னிலையில் இருந்தால் 5-க்குக் கீழே இறங்கட்டும்.

வேகமான பிளே நாலைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல். அணிவகுப்பு, திசை, ஸ்நாப் எண்ணிக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். பந்தைப் பிடித்தவர் அதைத் தரையில் போடாமல் பக்கத்து நடுவர் கையில் கொடுக்க வேண்டும். புல்லில் உருளும் பந்தைத் துரத்துவதில்தான் உங்கள் வேகம் தொலைகிறது. 11 பேரும் ஒரு முழு நொடி அசையாமல் நின்றாக வேண்டும். தூரத்து ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) நிலைகொள்வதற்குள் ஸ்நாப் செய்தால் 5 யார்டு போச்சு.

ஆள் மாற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் ஒரே ஒருவரை மாற்றினாலும் நடுவர் பந்தின் மேல் நின்றுகொள்வார். எதிரணியும் ஆள் மாற்ற அவகாசம் கிடைத்த பிறகுதான் விலகுவார். மாற்றுவதுபோல் பாவனை செய்து ஓடினாலும் அதே கதைதான். பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இது தளரும் என்று நம்புகிறவர்கள் உண்டு, தளராது. நீங்கள் யாரையும் மாற்றாவிட்டால் எதிரணிக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே எதிராளியைத் தடுத்து பிளாக்கும் செய்து பாஸும் பிடிக்கும் ஒரு டைட் எண்டை (வரிசையின் ஓரத்தில் நிற்பவரை) உள்ளேயே வைத்திருங்கள்.

சீசன் முடிந்ததும் ‘முழு சிஸ்டம்’ என்று நூற்றுக்கணக்கான பிளே, படப்பலகை, மணிக்கட்டு அட்டை, மென்பொருள் எல்லாம் கட்டி விற்க ஆட்கள் வருவார்கள். காசு கொடுக்காதீர்கள். அந்தப் பிளேக்களை மனப்பாடம் செய்ய உங்கள் பையன்களுக்கு வாரத்தில் நேரம் ஏது? மைதான ஓரத்திலிருந்து பிளேயைச் சைகையில் சொல்ல மூன்று பேர் போதும்: ஒருவர் நிஜம், இருவர் போலி, கால்பகுதிக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். பயிற்சியாளர் வீரரிடம் நேரே பேச உதவும் ஹெல்மெட் ரேடியோவை 2024-இல் மேல்மட்ட அணிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு, சைகைத் திருட்டுக்கு வழி கண்டோம் என்கிறார்கள். உங்களைப் போன்ற கல்லூரிகளை யார் நினைத்தார்கள்?

வேகத்தைக் கெடுக்க எதிரணி வீரர் அடிபட்டதுபோல் காலைப் பிடித்துக்கொண்டு சாய்வதும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2014-இல் கல்லூரி ஃபுட்பால் விதிக் குழு யோசித்ததோ பிளே கிளாக் 29-க்கு இறங்கும்வரை ஸ்நாப் கூடாது என்று. எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போட்டார்கள். 2025-இல்தான் விடிந்தது: பந்தை அடுத்த பிளேக்கு வைத்த பிறகு ஒருவர் விழுந்து மருத்துவர் உள்ளே வந்தால், அந்த அணியின் டைம்அவுட் ஒன்று போகும், மிச்சம் இல்லையென்றால் 5 யார்டு. அப்படி ஒருவர் விழுந்தால், ஓரத்தில் இருக்கும் நடுவரிடம் பந்து எப்போது வைக்கப்பட்டது என்று உடனே மரியாதையாகக் கேளுங்கள்.